பழைய வீராவின் கேசட் ரேடியோவில் நாமே ஆக்ஸ் போட முடியுமா?

வெள்ளைவீரா (பட்டர்வொர்த்):

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், விஷயத்தை முழுசாகச் சொன்னால்தான் உங்களாலும் சரியாகப் பதில் சொல்ல முடியும்.

அப்பா ஓட்டிய 96ஆம் வருட புரோட்டோன் வீரா கார் இப்போது என்னிடம் இருக்கிறது. இன்ஜின் நன்றாக இருக்கிறது, ஏர்கோன் போன வருடம்தான் செய்தேன், தினமும் பினாங்குப் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸுக்கு வேலைக்கு அதில்தான் போகிறேன். வண்டியோடு வந்த கேசட் ரேடியோவும் இன்னும் ஓடுகிறது. வால்யூம் குமிழைத் திருகினால் 'கடக்' என்று ஒரு சத்தத்தோடு ஆன் ஆகும், பச்சை வெளிச்சம் வரும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது தினமும் முதலில் கேட்ட சத்தம் அந்தக் 'கடக்'தான். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. அவர் சேர்த்து வைத்த கேசட்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன, அம்மா வண்டியில் ஏறினால் அதில் ஒன்றைத்தான் போடச் சொல்வார். அதனால் ரேடியோவை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.

ஆனால் தினமும் போக வர இரண்டு மணி நேரம் ரோட்டில் இருக்கிறேன், கைப்பேசியில் இருக்கும் பாட்டையும் கேட்க வேண்டும். அதற்குத்தான் ஆக்ஸ், அதாவது கைப்பேசியை வயர் வழியாக ரேடியோவில் செருகும் வழி, வேண்டும் என்கிறேன். சிகரெட் ஓட்டையில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கிப் பார்த்தேன். பட்டர்வொர்த்தில் சுத்தமாக இருக்கும் அலைவரிசை பாலத்தின் நடுவில் இரைய ஆரம்பிக்கிறது. மாதம் ஒரு முறை கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவேன், அந்த 350 கிலோமீட்டரில் எத்தனை முறை அலைவரிசை மாற்றினேன் என்று கணக்கே இல்லை, அதுவும் வண்டியை ஓட்டிக்கொண்டே மாற்றுவது ஆபத்து என்று தெரிந்தபின் விட்டுவிட்டேன்.

இங்கே ஓர் ஆடியோ கடையில் கேட்டேன். இந்த மாதிரி பழைய செட்டில் யாரும் கை வைக்க மாட்டார்கள், புதுசு போட்டுக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

என்னிடம் 40 வாட் சோல்டர் அயன், ஒரு சாதாரண மல்டிமீட்டர் இரண்டும் இருக்கின்றன. வீட்டு ஆட்டோகேட் ரிமோட்டில் பட்டன் மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான் என் அனுபவம். ரேடியோவுக்குள் எந்த இடத்தில் ஆக்ஸ் வயரைச் சேர்ப்பது? கைப்பேசி எரிந்துபோக வாய்ப்பு உண்டா? இதைச் செய்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

செந்தூல்_வயர்மேன்:

புரோ, பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள்.

ஒன்று, கேசட் அடாப்டர். கேசட் வடிவத்திலேயே இருக்கும், அதிலிருந்து ஒரு வயர் வந்து 3.5 மில்லிமீட்டர் பிளக்கில் முடியும். உள்ளே இருக்கும் சின்ன ஹெட், ரேடியோவின் ஹெட்டுக்கு நேராக உட்கார்ந்து காந்தப் புலத்தின் வழியாகவே சத்தத்தைக் கொடுத்துவிடும், எந்த வயரும் வெட்ட வேண்டாம். பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பழைய சாமான் விற்பவர்களிடம் தேடினால் கிடைக்கலாம், இல்லாவிட்டால் ஆன்லைனில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் செட் ஆட்டோ ரிவர்ஸ் வகையா என்று பாருங்கள். அப்படி என்றால் அடாப்டரின் பல்சக்கரம் கொஞ்சம் இறுகினாலே டேப் முடிந்துவிட்டது என்று நினைத்து செட் பக்கம் மாறி மாறி ஓடும். மேலே வெயில் அடிக்கும்படி வண்டியை நிறுத்திவிட்டு அடாப்டரை உள்ளேயே விட்டுவிடாதீர்கள், பிளாஸ்டிக் வளைந்து உள்ளே மாட்டிக்கொண்டால் கேசட் பகுதியே போய்விடும்.

இரண்டு, ரேடியோவின் பின்பக்கம். சில செட்டுகளில் சிடி சேஞ்சருக்கென்று ஒரு சாக்கெட் இருக்கும். இருந்தாலும் சும்மா வயரைச் செருகினால் வேலை செய்யாது, சேஞ்சர் இருப்பதாக ரேடியோ நம்பினால்தான் அந்த வழி திறக்கும், அதற்கென்று தனிப் பெட்டி வேண்டும். உங்கள் செட்டில் அது இருக்காது என்றுதான் நினைக்கிறேன், பார்த்துவிடுவதில் நஷ்டம் இல்லை.

எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் பற்றி நீங்கள் சொன்னது முழு உண்மை. இங்கே கேஎல்லில் (கோலாலம்பூரில்) இன்னும் மோசம். 96.3இல் மின்னல், 96.7இல் சினார், 99.3இல் ராகா என்று நெருக்கி நெருக்கி நிலையங்கள், அந்தச் சின்ன டிரான்ஸ்மிட்டருக்கு உட்கார இடமே கிடைக்காது.

தாமான்_தாத்தா (கிள்ளான்):

தம்பி, அப்பா ஞாபகம் என்கிறீர்கள், புரிகிறது. ஆனால் ஒரு வழி சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். உங்கள் ரேடியோ சிங்கிள் டின் (DIN) என்ற பொது அளவுதான், முகப்பு 180க்கு 50 மில்லிமீட்டர். அந்த அளவில் புளூடூத் வைத்த செட் இப்போதும் விற்கிறார்கள். பழையதைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்துக்கொண்டு புதுசைப் போடலாம். பழைய செட்டில் கை வைத்து அது போய்விட்டால் அப்புறம் இரண்டும் இல்லை. யோசித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைவீரா:

தாத்தா, நீங்கள் சொல்வது நியாயம்தான், கோபம் எதுவும் இல்லை. ஆனால் அலமாரியில் இருந்தால் அம்மாவால் கேசட் கேட்க முடியாதே, அவருக்காகத்தான் இந்தப் பாடு.

செந்தூல் அண்ணே, பின்னால் பார்த்தேன், சேஞ்சர் சாக்கெட் இல்லை. என் செட் ஆட்டோ ரிவர்ஸ்தான். நண்பர் ஒருவரிடம் அடாப்டர் இரவல் வாங்கிப் போட்டேன், நீங்கள் சொன்னபடியே பக்கம் மாறிக்கொண்டே இருக்கிறது, பாட்டைவிட உள்ளே பல்சக்கரம் ஓடும் சத்தம் அதிகம். ஆகவே பெட்டியைத் திறப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஈயக்கம்பி (கோலாலம்பூர்):

தம்பி, தாராளமாகச் செய்யலாம். என் இஸ்வாரா காரில் இதே வேலையைச் செய்தேன், பல வருடமாக ஓடுகிறது. பொறுமையாகப் படியுங்கள், ஒரே மூச்சில் செய்துவிட வேண்டும் என்று உட்காராதீர்கள், சனிக்கிழமை திறந்து பார்ப்பது, அடுத்த வாரம் வேலை செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரேடியோவுக்குள் சத்தம் எந்த வழியாகப் போகிறது என்று மனதில் பதிய வேண்டும். கேசட் ஹெட்டிலிருந்து வருவது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைந்த சிக்னல். அது ஒரு முன்பெருக்கி ஐசிக்கு (சிப்புக்கு) போய்ப் பெரிதாகிறது, டேப்பில் பதிவாகும் முறைக்கு ஏற்ப அங்கேயே பேஸும் (தாழ்ந்த ஒலியும்) தூக்கிவிடப்படும். எஃப்எம் டியூனரிலிருந்து வருவது தனி வழி. இரண்டும் ஒரு சுவிட்சில் சந்தித்து, ஏதாவது ஒன்று மட்டும் வால்யூமுக்குப் போகும். வால்யூம், டோன் எல்லாம் தாண்டி, பின்னால் அலுமினியத் தகட்டில் ஒட்டியிருக்கும் பவர் ஐசிக்குப் போய் ஸ்பீக்கரில் முடியும்.

பலரும் செய்யும் தப்பு, கேசட் ஹெட்டின் வயரில் ஆக்ஸைச் சேர்ப்பது. கைப்பேசியிலிருந்து வரும் சிக்னல் அந்த இடம் எதிர்பார்ப்பதைவிடப் பல நூறு மடங்கு பெரியது, கிழிந்த சத்தம்தான் வரும். அதைவிடப் பெரிய தப்பு ஸ்பீக்கர் வயரில் சேர்ப்பது. பல கார் ரேடியோக்களில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரிலுமே கிட்டத்தட்ட 6 வோல்ட் நிற்கும், கைப்பேசி எரியுமா என்று கேட்டீர்களே, இப்படிச் செய்தால்தான் எரியும். நாம் நுழைய வேண்டிய இடம், அந்தச் சுவிட்சுக்கும் வால்யூமுக்கும் நடுவில்.

உங்கள் செட்டில் 'கடக்' என்று திருகும் குமிழ் இருக்கிறது என்றீர்களே, அதனால் வேலை பாதி சுலபம். அது உண்மையான வால்யூம் பொட்டன்ஷியோமீட்டர். பட்டன் அழுத்தி வால்யூம் கூட்டும் செட் என்றால் அதற்குள் ஒரு ஐசி இருக்கும், அதன் நம்பரைத் தேடி, டேட்டாஷீட் எடுத்து, எந்தக் காலில் உள்ளே போகிறது என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு அது தேவை இல்லை.

வால்யூமில் இடது ஒரு அடுக்கு, வலது ஒரு அடுக்கு. ஒவ்வோர் அடுக்கிலும் மூன்று கால்: ஒரு முனை எர்த், இன்னொரு முனை சிக்னல் உள்ளே வரும் இடம், மூன்றாவது குமிழைத் திருகும்போது நகரும் கால், அதில்தான் வெளியே போகும். கரண்ட் இல்லாதபோது மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ரேடியோவின் இரும்புப் பெட்டியோடு எந்தக் கால் நேராகச் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள், அது எர்த். அங்கிருந்து மற்ற கால்களை அளந்துகொண்டே குமிழைத் திருகினால், அளவு மாறுவது நகரும் கால், மாறாமல் நிற்பது நமக்கு வேண்டிய கால். போர்டில் மற்ற பாகங்களும் சேர்ந்திருப்பதால் எண் கச்சிதமாக வராது, மாறுகிறதா இல்லையா என்பதுதான் முக்கியம்.

அப்புறம் ஜேக். சுவிட்ச் உள்ள ஐந்து கால் 3.5 ஸ்டீரியோ ஜேக் வாங்குங்கள், உடம்பு பிளாஸ்டிக்காக இருக்கட்டும், இரும்பு உடம்பு வேண்டாம். பிளக் செருகாதபோது சுவிட்ச் கால் இரண்டும் உள்ளே சிக்னல் கால்களைத் தொட்டுக்கொண்டிருக்கும், செருகியதும் பிரிந்துவிடும். போர்டில் ரேடியோவிலிருந்து வால்யூமுக்கு வரும் செம்புத் தடத்தை இடது, வலது இரண்டிலும் வால்யூம் காலுக்குப் பக்கத்தில் வெட்டுங்கள். ரேடியோ பக்கம் இருக்கும் முனை ஜேக்கின் சுவிட்ச் காலுக்குப் போகட்டும், வால்யூம் பக்க முனை சிக்னல் காலுக்குப் போகட்டும். பிளக் இல்லாதபோது எஃப்எம், கேசட் எல்லாம் முன்போலவே வேலை செய்யும், கைப்பேசியைச் செருகினால் அது மட்டும் கேட்கும். ஆக்ஸ் கேட்பதற்காகக் கேசட்டைச் சும்மா ஓடவிட்டு ரேடியோவை ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

சிக்னல் காலுக்கும் வால்யூமுக்கும் நடுவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு 2.2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள், பிளஸ் மைனஸ் இல்லாத வகை. எங்கேயாவது டிசி வோல்ட் கசிந்தால் கைப்பேசிக்குப் போகாமல் அது தடுக்கும். வால்யூம் 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டாலும் 7 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வெட்டு விழும், ஆகவே பேஸ் குறையாது. பிளக்கில் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி எர்த், இதை மறக்க வேண்டாம்.

எர்த்தை ரேடியோ போர்டிலிருந்தே, வால்யூமின் எர்த் காலிலிருந்தே எடுங்கள். பக்கத்தில் இருக்கிறதே என்று காரின் பாடியில் ஒரு ஸ்க்ரூவில் மாட்டினால் வாழ்நாள் முழுக்க இரைச்சல் கேட்டுக்கொண்டே ஓட்ட வேண்டியதுதான். வயர் ஷீல்டு உள்ள வகையாக இருக்கட்டும், நீளம் முப்பது சென்டிமீட்டர் போதும். கேஎல்லில் இருந்தால் புடு ஜாலான் பாசாரில் ஒரே தெருவில் எல்லாம் கிடைக்கும், உங்கள் அக்கா வீட்டுக்கு வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

காரில் மாட்டும் முன் வீட்டு மேசையிலேயே சோதித்துவிடுங்கள். ஆட்டோகேட் இருக்கிறது என்றீர்களே, அதற்குள் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் பேட்டரியே போதும். நடுவில் 3 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம் போடுங்கள். கடைகளில் விற்கும் செட்டில் மஞ்சள் நேரடி கரண்ட், சிவப்பு சாவி போட்டால் வரும் கரண்ட், கறுப்பு எர்த். காரோடு வந்த செட்டில் கலர் இப்படி இருக்கும் என்று நம்பாதீர்கள், ரேடியோவின் மேல் மூடியில் ஸ்டிக்கர் இருந்தால் அதைப் பாருங்கள், இல்லாவிட்டால் காரில் சாக்கெட்டைக் கழற்றி மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

லைன்ஆபரேட்டர்_அக்கா (பினாங்கு):

தம்பி, நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் போர்டு ரிப்பேர் பார்த்தவள். ஈயக்கம்பி சொன்னது எல்லாம் சரி, சோல்டர் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதிரி வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

96ஆம் வருட போர்டு என்றால் அது ஈயம் கலந்த சோல்டர். ஈயம் இல்லாத சோல்டர் எங்கும் பரவியது 2006இல் ஐரோப்பாவில் சட்டம் வந்தபின்தான். ஆகவே நீங்களும் 63/37 அல்லது 60/40 (வெள்ளீயம்/ஈயம்) கம்பியே வாங்குங்கள், 183 டிகிரியிலேயே இளகும். ஈயம் இல்லாததற்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும், அந்தச் சூட்டில் பழைய போர்டின் செம்புத் தடம் கையோடு உரிந்து வந்துவிடும். அது உரிந்தால் ஒட்ட வைக்க முடியாது, சுற்றி வயர் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும், எத்தனையோ போர்டில் நானே அந்த வேலை செய்திருக்கிறேன்.

உங்கள் 40 வாட் அயனில் சூடு குறைக்கும் குமிழ் இல்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் ஒரு காலில் மூன்று விநாடிக்கு மேல் வைக்காதீர்கள், இளகவில்லை என்றால் எடுத்துவிட்டு ஆறவிட்டு மறுபடி வையுங்கள். முதலில் கொஞ்சம் ஃபிளக்ஸ் தடவி, புதுச் சோல்டர் ஒரு துளி சேர்த்தால் பழையதும் சேர்ந்து இளகும். வயரின் நுனியிலும் முன்கூட்டியே சோல்டர் பூசிவிடுங்கள், அப்போது தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும். தடத்தை வெட்ட கூர்மையான பிளேடால் இரண்டு கோடு போட்டு நடுவில் இருக்கும் துண்டை உரித்து எடுங்கள், ஒரே கோடு போட்டால் செம்புத் தூள் நடுவில் நின்று சேர்த்துவிடும். வெட்டியபின் மீட்டர் வைத்துப் பாருங்கள். முடித்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை நனைத்துத் துடையுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

வயரை போர்டில் சோல்டரை மட்டும் நம்பித் தொங்கவிடாமல், பக்கத்தில் ஏதாவது ஓட்டையில் கேபிள் டை போட்டுக் கட்டிவிடுங்கள். கார் ஆடிக்கொண்டே இருக்கும், ஆறு மாதத்தில் தடத்தோடு பிடுங்கிவிடும்.

வெள்ளைவீரா:

அக்கா, அண்ணே, இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சனிக்கிழமை ரேடியோவைக் கழற்றினேன். பேட்டரியின் நெகட்டிவ்வை முதலில் எடுத்துவிட்டேன். ரேடியோவைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தைப் பிடுங்கும்போது உடைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது, வண்டியை வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுப் பிடுங்கினேன், பிளாஸ்டிக் கொஞ்சம் இளகி வந்தது, ஒரு காதும் உடையவில்லை. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் எடுக்கும் முன் படம் எடுத்துவிட்டேன்.

உள்ளே மேலே கேசட் பொறி, அதற்குக் கீழே போர்டு. மூன்று தூசி உருண்டை, ஒரு பத்து சென் காசு, அப்பாவின் டோல் ரசீது ஒன்று, எழுத்து எல்லாம் மங்கிப்போய்விட்டது. அதை எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது சந்தேகம். வால்யூமில் ஆறு கால் இருக்கும் என்றீர்கள், எனக்குப் பத்து கால் இருக்கின்றன. முன்பக்கம் நான்கு, அடுத்த வரிசையில் நான்கு, எல்லாவற்றுக்கும் பின்னால் தனியாக இரண்டு. ஒரு வரிசையை அளந்தேன். எர்த்திலிருந்து ஒரு காலுக்கு 18 கிலோ ஓம், குமிழைத் திருகினாலும் மாறவில்லை. இன்னொரு காலுக்கு 48 கிலோ ஓம், அதுவும் மாறவில்லை. ஒன்று மட்டும் மாறுகிறது. மாறாமல் இரண்டு இருந்தால் எதில் சேர்ப்பது? இங்கே நிறுத்திவிட்டேன், எதையும் வெட்டவில்லை.

ஈயக்கம்பி:

நிறுத்தியது ரொம்ப நல்லது தம்பி. அந்தக் காலத்துக் கார் செட்டில் லவுட்னஸ் என்று ஒன்று இருக்கும். சத்தம் குறைவாக வைக்கும்போது நம் காதுக்கு பேஸ் குறைவாகத் தெரியும், அதை ஈடுகட்ட வால்யூமின் நடுவில் ஒரு கூடுதல் காலை எடுத்து, ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் போட்டு எர்த்துக்கு விடுவார்கள். உங்கள் 18 கிலோ ஓம் கால் அதுதான், அதைத் தொடாதீர்கள். அதிக ஓம் காட்டும் 48 கிலோ ஓம் காலில்தான் சிக்னல் உள்ளே வருகிறது. அது 50 கிலோ ஓம் வால்யூம், கணக்கு சரியாக வருகிறது.

பின்னால் தனியாக இருக்கும் இரண்டு கால்தான் உங்கள் 'கடக்'. அது ஆன் ஆஃப் சுவிட்ச், அதில் 12 வோல்ட் ஓடும். உங்கள் புது வயர் அந்தப் பக்கமே போகக்கூடாது, அந்த இரண்டு காலின்மேல் டேப் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

வெட்டுவதற்கு முன் இன்னொரு சோதனை. மேசையில் பேட்டரி போட்டு எஃப்எம் ஓடவிட்டு, கைப்பேசி வயரை அந்த 2.2 கெப்பாசிட்டர் வழியாக 48 கிலோ ஓம் காலில் தொட்டுப் பாருங்கள். பாட்டும் எஃப்எம்மும் கலந்து கேட்டால் இடம் சரி.

வெள்ளைவீரா:

கேட்டது அண்ணே! இரண்டும் கலந்து கேட்டது, அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்தார்.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து முடித்தேன். ஒரு தடம் வெட்ட எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது, கை நடுங்கியது. அக்கா சொன்னபடி இரண்டு கோடு போட்டு உரித்தேன், ஃபிளக்ஸ் இல்லாமல் செய்திருந்தால் நிச்சயம் கெடுத்திருப்பேன். மேசையில் எஃப்எம், கேசட், ஆக்ஸ் மூன்றும் அழகாக ஓடுகின்றன. ஆக்ஸின் சத்தம் கேசட்டைவிடத் தெளிவு.

ஆனால் காரில் மாட்டியபின் ஒரு பிரச்சினை. கைப்பேசியைச் சார்ஜரில் போட்டுக்கொண்டு ஆக்ஸில் கேட்டால் 'ஙீ' என்று ஒரு சத்தம், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கூடவே ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. எர்த்தை போர்டிலிருந்துதான் எடுத்தேன், ஜேக் பிளாஸ்டிக்தான், காரின் இரும்பை எங்கும் தொடவில்லை. என் கைப்பேசியில் 3.5 ஓட்டை இல்லை, டைப் சி அடாப்டர் வைத்துத்தான் செருகுகிறேன், ஒரே அடாப்டரில் சார்ஜும் உண்டு. அது காரணமாக இருக்குமா?

செந்தூல்_வயர்மேன்:

புரோ, நீங்கள் போட்ட வயர் மேல் குற்றம் இல்லை. ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள், இன்ஜின் ஓடும்போது சார்ஜரை மட்டும் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் அது எர்த் லூப்.

நடப்பது இதுதான். கைப்பேசிக்கு இப்போது எர்த் இரண்டு வழியில் வருகிறது, ஒன்று ஆக்ஸ் வயர் வழியாக ரேடியோவிலிருந்து, இன்னொன்று சார்ஜர் வழியாக சிகரெட் ஓட்டையிலிருந்து. காரில் இந்த இரண்டு இடத்து எர்த்தும் ஒரே வோல்ட்டில் இருக்காது, அல்டர்னேட்டர் ஓடும்போது நடுவில் சின்ன வித்தியாசம் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டம் ஆக்ஸ் வயரின் எர்த் வழியாக ஓடி பாட்டோடு கலந்துவிடுகிறது. இன்ஜின் வேகம் கூடினால் அல்டர்னேட்டரின் வேகமும் கூடும், அதனால்தான் சத்தம் ஏறி இறங்குகிறது.

இரண்டு மருந்து உண்டு. ஆக்ஸ் வயரின் நடுவில் கிரவுண்ட் (எர்த்) லூப் ஐசோலேட்டர் போடலாம். அதற்குள் இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், சத்தம் காந்தத்தின் வழியாகத் தாண்டும், எர்த் தாண்டாது. ரொம்ப மலிவானது வாங்கினால் பேஸ் மெலிந்துவிடும், கடையில் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, கைப்பேசியை ஆக்ஸில் செருகாமலே விடுவது. 5 வோல்ட்டில் ஓடும் ஒரு சின்ன புளூடூத் ரிசீவரை டாஷ்போர்டின் உள்ளே வைத்து ஜேக்கில் செருகிவிடலாம், அதற்குக் கரண்ட் கொடுக்கும் இடத்தில் பி0505எஸ் என்ற குட்டி மோடியூலைப் போட்டால் எர்த் பிரிந்துவிடும். 1 வாட்தான் தாங்கும், ரிசீவருக்கு அது போதும், கைப்பேசியைச் சார்ஜ் செய்ய ஆகாது. நான் என் வேனில் இப்படித்தான் வைத்திருக்கிறேன், துளி இரைச்சல் இல்லை. வண்டி ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று, ஏர்பேக் உள்ள வண்டியில் டாஷ்போர்டுக்குள் வயர் இழுக்கும்போது மஞ்சள் உறை போட்ட வயரையும் மஞ்சள் சாக்கெட்டையும் தொடாதீர்கள், அது ஏர்பேக்குக்கு உரியது.

வெள்ளைவீரா:

சார்ஜரைப் பிடுங்கினேன், அந்த விநாடியே நின்றது. எர்த் லூப்தான்.

போன வாரம் செந்தூலுக்குப் போனபோது ஜாலான் பாசாருக்கும் போய்வந்தேன். ஐசோலேட்டர் ஒன்று வாங்கினேன், இருபது வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்தது. சட்டத்துக்குக் கீழே சில்லறை வைக்கும் பள்ளத்தில் ஒரு ஓட்டை போட்டு ஜேக்கைப் பொருத்திவிட்டேன், வெளியே இருந்து பார்த்தால் வண்டியோடு வந்தது போலவே இருக்கிறது. திரும்பி வரும்போது தாப்பா, ஈப்போ, மெனோரா சுரங்கம் எல்லாம் தாண்டி பட்டர்வொர்த் வரை சார்ஜர் போட்டபடியே பாட்டு ஓடியது, இரைச்சல் இல்லை. கைப்பேசியில் வால்யூமை எண்பது சதவீதத்தில் வைத்துவிட்டு மீதியை ரேடியோ குமிழில் கூட்டிக் குறைக்கிறேன், அதுதான் சுத்தமாகக் கேட்கிறது.

தாத்தாவுக்கும் ஒரு செய்தி, பழைய செட் சாகவில்லை. சுங்கை பேராக்கில் வண்டியை நிறுத்தி டீ குடித்தபின் அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டு டின்னிலிருந்து ஒரு முருகன் பாட்டு கேசட்டை எடுத்துப் போட்டார், எந்தத் தடையும் இல்லாமல் ஓடியது.

ஒரே ஒரு சின்னக் குறை. வால்யூமை ரொம்பக் குறைவாக வைத்தால் இடது ஸ்பீக்கர் கொஞ்சம் கரகரக்கிறது, எஃப்எம்மிலும் அப்படித்தான். என் வேலையால் வந்ததா?

லைன்ஆபரேட்டர்_அக்கா:

இல்லை தம்பி, எஃப்எம்மிலும் வருகிறது என்றால் அது வால்யூமுக்குள் அழுக்கு, இத்தனை வருடம் ஆகிவிட்டதே. அடுத்த முறை கழற்றும்போது கான்டாக்ட் கிளீனரை குமிழின் காலுக்குப் பக்கத்தில் இருக்கும் இடுக்கில் ஒரு துளி அடித்து, ரேடியோ ஆஃபில் இருக்கும்போது குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முப்பது முறை திருகுங்கள். காயவிட்டுப் போடுங்கள். எண்ணெய்ப் பசை உள்ள சாதாரண ஸ்பிரே வேண்டாம், அதில் தூசி ஒட்டி இன்னும் கெடும்.